கதவு திறக்கும் கோளி

சென்ற டிசம்பரில் ஒரு நாள், கரையில் சாளை ஏலம் முடியும் முன்பே, கனடாவிலிருந்து தங்கையின் மகன் கைபேசியில் அழைத்தான். அவனுக்குப் பதினொரு வயது. இங்கே நமக்கு விடியும்போது அங்கே அவர்களுக்கு முந்தைய நாளின் இரவு. ஆட்டம் முடிந்து தகப்பனின் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். "மாமா, இன்றைக்கும் நான் கதவுதான் திறந்தேன்" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

ஐஸ் ஹாக்கி பார்த்திராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் ஓர் அணியின் சார்பாகப் பனித்தளத்தில் நிற்கும் ஆறு பேரில், கோல் காப்பவர் ஒருவரைத் தவிர மற்ற ஐவரும் ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த வேகத்தில் அதற்கு மேல் ஓட எவராலும் இயலாது. தளத்தைச் சுற்றியிருக்கும் பலகைத் தடுப்பில், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்துக்கு நேராகச் சிறிய கதவு உண்டு. களைத்து வருகிறவர் நுழையும் நொடியில் அதைத் திறந்து, அடுத்த நொடியில் சாத்திவிட வேண்டும். திறந்து கிடந்தால், மோதித் தள்ளப்படும் யாராவது ஒருவருடைய எலும்பு அந்த விளிம்பில் முறியும். உட்கார்ந்திருக்கும் இரண்டாவது காவலருக்கு வேறு வேலை இல்லாததால், கதவு பெரும்பாலும் அவர் பொறுப்பாகிவிடுகிறது. முழுக் கவசமும் அணிந்துகொண்டு, எதையும் தடுக்காமல், ஆட்டம் முடியும் வரை கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதுதான் அவருடைய அன்றைய ஆட்டம்.

எங்கள் கரையில் கோல்கீப்பரைக் 'கோளி' என்றுதான் சொல்வோம். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் வழங்கும் சொல் அது; குமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரையுள்ள எட்டுக் கரைகளிலும் கால்பந்தோடு சேர்ந்து ஊறிவிட்டது. கனடாவிலும் அந்த இடத்தில் நிற்பவரை ஏறத்தாழ இதே ஒலியோடுதான் அழைக்கிறார்கள் என்று மருமகன் சொன்னபோது, எனக்கு அந்த ஆட்டத்தின்மீது முதல் உரிமை கிடைத்ததுபோல் இருந்தது. இரண்டாவது உரிமை இன்னும் நெருக்கமானது. 1991 முதல் 1996 வரை நான் எங்கள் கரை அணியின் இரண்டாம் கோளியாக இருந்தேன். எங்கள் மணலில் கதவு இல்லை. ஆகவே நான் தண்ணீர்ப் பாட்டில்களையும் மற்றவர்களின் செருப்புகளையும் பார்த்துக்கொண்டேன்.

தங்கை செவிலியராகப் போய்க் குடியேறியது ஒன்ராறியோ மாகாணத்தில், நயாகரா ஆற்றங்கரையிலுள்ள ஃபோர்ட் ஈரி என்ற சிற்றூரில். பாலம் ஒன்றைக் கடந்தால் அமெரிக்காவின் பஃபலோ நகரம். நாம் களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குப் போவதைப்போல அவர்கள் போய் வருகிறார்கள். என்ன, கடவுச்சீட்டு வேண்டும். எல்லையோரத்து மக்களுக்கு உரிய இரட்டை விசுவாசம் அங்கேயும் இருக்கிறது. நாங்கள் அரிசிக்கு ஒரு பக்கமும் ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கமும் பார்ப்பதுபோல, அங்கே கனடா நாட்டவர் பலர் பஃபலோ சேபர்ஸ் அணிக்குக் கைதட்டுகிறார்கள். அப்படித்தான் டொமினிக் ஹாஷெக் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. தங்கையின் கணவர் வேலை செய்யும் இடத்தில், கோளியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரியவர்கள் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்களாம்; அதன்பின் விவாதம் இல்லை.

அவருடைய வாழ்க்கையைச் சொல்வதற்கு முன், அவர் நின்ற இடத்தின் அளவைச் சொல்ல வேண்டும். நம் கால்பந்தின் கோல் கம்பம் 24 அடி அகலம், 8 அடி உயரம். ஐஸ் ஹாக்கியின் கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். பெருக்கிப் பார்த்தால் சரியாக எட்டில் ஒரு பங்கு. அதைக் காக்கிறவர் பதினைந்து கிலோவைத் தாண்டும் கவசங்களோடு நிற்கிறார். காலில் மெத்தைபோன்ற காப்புகள், ஒரு கையில் பிடிக்கும் உறை, மற்றொரு கையில் தடுக்கும் பலகை, முகத்தில் கூண்டு. முதலில் அந்தக் காணொளிகளைப் பார்த்தபோது, 'இவ்வளவு பெரிய ஆள் இவ்வளவு சின்ன வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறானே, கோல் எப்படி விழும்' என்று நானே ஏளனமாகக் கேட்டேன்.

பிறகுதான் 'பக்' என்னும் அந்த ரப்பர் வில்லையைப் பற்றித் தெரிந்தது. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், 170 கிராமுக்கு உட்பட்ட எடை. துள்ளக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே உறைய வைத்திருப்பார்கள். வலிமையான அடியில் அது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். ஆறு மீட்டர் தூரத்திலிருந்து அப்படி அடித்தால் கோலைச் சேர ஏழில் ஒரு பங்கு நொடி போதும். மனிதக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசைவதற்கு ஐந்தில் ஒரு பங்கு நொடியாவது ஆகும். ஆகவே பார்த்துத் தடுப்பது என்பதே பாதி பொய். அடி விழும் முன்பே, அடிப்பவனுக்கும் இரு கம்பங்களுக்கும் இடையேயுள்ள கோணத்தில் போய் நின்றுவிட வேண்டும். அவன் முன்னேறினால் தானும் வெளியே வந்து வாசலைச் சிறிதாக்க வேண்டும். முன்னே கூட்டமாக நின்று மறைக்கிறவர்களின் கால்களுக்கு இடையே தேட வேண்டும். வெளியே வந்து கோணத்தை அடைப்பது எங்களுக்கும் பழக்கமான வித்தைதான். ஆனால் எங்களுக்குப் பந்து வரும் வேகத்தில் ஒரு 'அம்மா' சொல்லிக்கொள்ள நேரம் இருக்கும்.

இந்தத் தொழிலின் உண்மையான கொடுமை, வேகத்திலோ வலியிலோ இல்லை. இடம் ஒன்றே ஒன்று என்பதில் இருக்கிறது. முன்னே ஆடுகிறவன் சுமாராக ஆடினாலும் மாறி மாறிச் சிறிது நேரம் களத்தில் இருப்பான். கோளி அப்படியல்ல, முதல்வன் முழு ஆட்டமும் நிற்பான், இரண்டாமவன் முழு ஆட்டமும் உட்கார்ந்திருப்பான். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் இன்று 32 அணிகள். அணிக்கு இருவர் என்றால், ஒரே இரவில் அத்தனை அணிகளும் ஆடினாலும் உடை மாட்டும் கோளிகள் 64 பேர். களத்தில் நிற்பவர்கள் அவர்களில் பாதி. ஹாஷெக் அங்கே போய்ச் சேர்ந்த 1990இல் அணிகளே 21தான்.

அவர் 1965 ஜனவரி 29 அன்று செக்கோஸ்லோவாகியாவின் பார்டுபிட்சே நகரில் பிறந்தவர். ஐந்து வயதில் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டத் தேர்வுக்குப் போனபோது, அவரிடம் சரியான சறுக்குக் காலணிகூட இல்லை. சாதாரணக் காலணியின் அடியில் திருகி மாட்டும் இரும்புத் தகடுதான். ஆனால் வயதுக்கு மீறிய உயரம். ஒன்பது வயதுப் பிள்ளைகளின் அணியில் கோளி இல்லை, கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தப்பட்டு அப்படியே ஆகிப்போன கோளிகள் எங்கள் கரையிலும் உண்டு. நான்கூட, ஓட்டத்தில் பின்தங்கியதால் கம்பத்துக்கு நடுவே தள்ளப்பட்டவன்தான். பதினாறு வயதில் ஹாஷெக் சொந்த ஊர் அணியின் முதல் வரிசைக்கு வந்தார். அந்த அணி 1987இலும் 1989இலும் நாட்டின் சாம்பியன் ஆனது. தன் நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு சிறந்த கோளி என்று பட்டம் வாங்கியவர் அவர்.

1983இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி, இளம் ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் தேர்வின் பத்தாவது சுற்றில் அவர் பெயரைக் குறித்துக்கொண்டது. இரும்புத் திரை விலகாத காலம் என்பதால் அவருக்கே அந்தச் செய்தி சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் அங்கே போக முடிந்தது 1990இல், இருபத்தைந்து வயதில். போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் எட் பெல்ஃபோர் நிற்கிறார். அந்த ஆண்டிலேயே லீகின் சிறந்த கோளிக்குரிய வெசினா விருதை வாங்கியவர். இரண்டு பருவங்களில் ஹாஷெக்குக்குக் கிடைத்த லீக் ஆட்டங்கள் 25. மற்ற நாட்களில் கீழ்மட்ட லீகில் இண்டியானாபொலிஸ் அணிக்கு ஆடினார், அல்லது உட்கார்ந்திருந்தார். ஒரு நாட்டின் முதல் கோளி, இன்னொரு நாட்டில் கதவருகே.

1992 ஆகஸ்டில் சிகாகோ அவரை மற்றொரு கோளிக்கும் பின்னர் வரப்போகும் ஒரு தேர்வு உரிமைக்கும் மாற்றாகப் பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டது. அங்கேயும் விதி விடவில்லை. ஆறே மாதத்தில் பஃபலோ அணி கிராண்ட் ஃபூர் என்ற புகழ்பெற்ற கோளியைக் கொண்டுவந்தது. லீகின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை எட்மன்டன் அணி வென்றபோதெல்லாம் அங்கே இருந்தவர் அவர். 1993 கோடையில் ஃபுளோரிடாவிலும் அனஹைமிலும் இரண்டு புதிய அணிகள் தொடங்கின. பழைய அணிகள் தக்கவைக்காத ஆட்டக்காரர்களிலிருந்து அவை வேண்டியவர்களைப் பொறுக்கிக்கொள்ளலாம். பஃபலோ, ஹாஷெக்கைத் தக்கவைக்கவில்லை. புதிய இரண்டு அணிகளும் கோளிகளைப் பொறுக்கின, அவரை எடுக்கவில்லை. வயது இருபத்தெட்டு. இந்த இடத்தை மருமகனுக்குச் சொன்னபோது அவன் காரிலிருந்து "யாருமே எடுக்கவில்லையா?" என்று கேட்டான். அன்று அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் ஃபூருக்கு முழங்காலில் அடிபட்டது. ஹாஷெக் நிறுத்தப்பட்டார். அந்த 1993-94 பருவத்தின் முடிவில் அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக வாங்கிய கோல்கள் 1.95. இரண்டுக்குக் கீழான சராசரியை அந்த லீக் 1974க்குப் பிறகு பார்த்திருக்கவில்லை. வெசினா விருது அவருக்குக் கிடைத்தது. பின்னும் ஐந்து முறை கிடைத்தது. 1997இலும் 1998இலும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் கிடைத்தது. அதை இரண்டு முறை வாங்கிய கோளி வேறு எவரும் இல்லை.

அந்தப் பருவத்தின் ஓர் இரவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1994 ஏப்ரல் 27, நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியோடு, ஏழில் நான்கு ஆட்டங்களை வெல்பவர் மேலே போகும் வெளியேற்றுச் சுற்றின் ஆறாவது ஆட்டம். வழக்கமான அறுபது நிமிடத்தில் இரு பக்கமும் கோல் இல்லை. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், நான்காவதில்தான் பஃபலோ ஒரு கோல் போட்டது. அதுவரை ஹாஷெக் தடுத்தவை 70; வாங்கியவை ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் நின்றது பின்னாளில் லீகிலேயே மிக அதிகமான வெற்றிகளைக் குவிக்கவிருந்த மார்ட்டின் புரோடர். அப்போது முதல் பருவத்துப் பையன். இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்தில் பஃபலோ தோற்று வெளியேறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எழுபதைத் தடுத்தவனுக்கும் அடுத்த ஆட்டத்தில் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதே இந்தத் தொழிலின் கணக்கு.

எண்ணுகிறார்கள் என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அங்கே ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு தடுப்பும் பதிவாகின்றன. ஹாஷெக்கின் வாழ்நாள் விகிதம் 0.922, அதாவது நூறு அடிகளில் தொண்ணூற்றிரண்டுக்குச் சற்று மேல் தடுத்திருக்கிறார். தொண்ணூறு தடுக்கிறவனுக்கும் இவருக்கும் இரண்டுதானே வேறுபாடு என்று நினைக்கலாம். ஆட்டத்துக்கு முப்பது அடி வீதம் எண்பது ஆட்டங்களுக்குப் போட்டுப் பாருங்கள், ஐம்பது கோலுக்கு மேல் வரும். எங்கள் கரையில் இப்படி எவரும் எழுதி வைக்கவில்லை. நம் பேச்சே அப்படித்தான் அமைந்திருக்கிறது: முன்னே ஆடுகிறவன் கோல் 'போடுகிறான்', கோளி கோல் 'வாங்குகிறான்'. ஏதோ அவன் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வந்ததுபோல. தடுத்ததற்கு ஒரு கைதட்டல் உண்டு. வாங்கியதற்குப் பெயர், தேதி, சாட்சி எல்லாம் உண்டு.

ஹாஷெக் தடுத்த விதம் புத்தகத்தில் இல்லாதது. இன்றைய கோளிகள் பெரும்பாலும் முழங்கால்களை மடக்கி, காப்புகளை இருபுறமும் விரித்து, பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் அமர்ந்து கீழ்ப்பகுதியை அடைக்கும் முறையைப் பின்பற்றுகிறார்கள். பேட்ரிக் ராய் என்ற கோளி பரப்பிய முறை அது. ஹாஷெக் அதையும் செய்வார். அது தோற்றால் மல்லாந்து விழுவார், உருளுவார், காலை மேலே தூக்குவார், கையிலிருக்கும் மட்டையை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு வெறும் உறைக் கையால் வில்லையைப் பொத்துவார். பனியில் மீன் துடிப்பதுபோல் ஆடுகிறார் என்று அங்கே கேலி செய்தார்கள். என் அம்மாவிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். "வலையை உதறினதும் சாளை இப்படித்தான் துள்ளும்" என்றாள். பிறகு, "ஆனா சாளைக்கு எங்கே போறோம்னு தெரியாது, இவனுக்குத் தெரியுது" என்றாள். அந்த ஆட்டக்காரரைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

1998 நாகானோ ஒலிம்பிக்கில் அவர் செய்ததுதான் அவரை நாட்டின் சொத்தாக்கியது. அரையிறுதியில் கனடா. ஆட்டம் 1-1 என்று முடிந்து, தனித்தனியாக ஐந்து பேர் வந்து கோளியோடு மோதும் கட்டத்துக்குப் போனது. நம் டை-பிரேக்கரைப் போன்றதுதான். ஆனால் அடிப்பவன் நின்ற இடத்திலிருந்து அடிக்க மாட்டான், நடுவிலிருந்து வில்லையை ஓட்டிக்கொண்டு வந்து ஏமாற்றுவான். கனடாவின் ஐவரில் ஒருவருக்கும் ஹாஷெக் வழிவிடவில்லை. செக் பக்கத்தில் ராபர்ட் ரைக்கல் போட்ட ஒரே கோல் போதுமானதாக இருந்தது. இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயரான கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கியை அந்த ஐவரில் ஒருவராகப் பயிற்சியாளர் அனுப்பவில்லை. அந்நாட்டவர் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்கள் என்று தங்கையின் கணவர் சிரிப்பார். இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்று செக் குடியரசு தங்கம் பெற்றது.

இங்கே வேறொரு கோளியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. 1956 நவம்பர் 1 எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்த நாள். சரியாக மூன்றாண்டு கழித்து, 1959இல் அதே நாளில், நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த வில்லை மான்ட்ரியால் கோளி ழாக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. அந்நாளில் கோளிகள் முகமூடி அணிவதில்லை. பிளான்ட் பயிற்சியின்போது மட்டும் ஒன்றை அணிந்துகொள்வார், ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதிக்கவில்லை. தையல் போட்டுவிட்டு வந்த பிளான்ட், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். பிளேக் இணங்கினார். ஏன் இணங்கினார் என்பதுதான் எனக்கு முக்கியம்: அக்காலத்தில் அணிகள் இரண்டாவது கோளியைக் கூட்டிச் செல்வதில்லை. பின்னால் கதவருகே ஒருவர் உடை மாட்டி உட்கார்ந்திருந்தால், அன்று அவரை இறக்கியிருப்பார்கள். முகமூடி இன்னும் சில ஆண்டுகள் பயிற்சி அறையிலேயே கிடந்திருக்கும். இரண்டாம் கோளி இல்லாத இரவு ஒன்றுதான் எல்லாக் கோளிகளுக்கும் முகத்தை மிச்சப்படுத்தியது.

மறுபுறம் கிளென் ஹால். 1955இலிருந்து 1962 நவம்பர் வரை, முகமூடி இல்லாமல், தொடர்ச்சியாக 502 லீக் ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் பதற்றத்தில் வாந்தி எடுத்துவிட்டு இறங்குவார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. நான் அதைப் படித்தபோது ஹாலை நினைக்கவில்லை. அந்த ஏழாண்டுகளில், கீழ்மட்ட அணிகளில் நின்றுகொண்டு, 'இன்றைக்காவது இந்த மனிதனுக்கு வயிறு சரியில்லாமல் போகாதா' என்று காத்திருந்தவர்களை நினைத்தேன். வயிறு தினமும் சரியில்லாமல்தான் இருந்தது. அவர் தினமும் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அப்படி வேண்டிக்கொள்வது பாவம் என்று சொல்பவர்கள் இரண்டாம் கோளியாக இருந்ததில்லை. எங்கள் முதல் கோளி தங்கல் போகிறவர். கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகு, சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும். அவர் கரையில் இல்லாத நாட்கள்தான் என் நாட்கள். 1994 மே மாதம் எல்லைக்கு அப்பால், அணிக்கு எழுவர் ஆடும் ஒரு செவன்ஸ் கால்பந்துப் போட்டிக்குப் போனோம். அவர் கடலில். மூன்று ஆட்டங்களில் நான் நின்றேன். இரண்டு கோல் வாங்கினேன். அரையிறுதியில் டை-பிரேக்கரில் ஒன்றைத் தடுத்தேன். ஊருக்குத் திரும்பும் வண்டியில், என் தலையில் தட்டாத கை இல்லை. இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை இரவு படகு கொச்சியில் அடைந்துவிட்டது. அவர் ரயிலில் பாறசாலை வந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து, உப்பு காயாத பையோடு நேராக மைதானத்துக்கு வந்து நின்றார். கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "பிள்ளே, கையுறையைக் கொடு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது; அவர் ஒருவனிடமிருந்து வாங்கவில்லை, அணியின் கையுறையை அணியின் கோளிக்குக் கொடுத்தார்.

அன்று நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கோல் வாங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தோற்க வேண்டும் என்றல்ல. முதலில் ஒன்று, அசிங்கமான ஒன்று, காலுக்கு நடுவே போகிற ஒன்று. அதன்பிறகு நாம் மூன்று போட்டு வென்றால் போதும். இருபது நாள் கடலில் ஆடியதில் அவர் கால்கள் மண்ணில் நிலைக்கவே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. ஆனாலும் ஒன்றும் உள்ளே போகவில்லை. 1-0 என்று வென்றோம். அவரைத் தோளில் தூக்கினார்கள். இறங்கியதும் அவர் நேராக என்னிடம் வந்து கையுறைகளைக் கழற்றித் தந்தார். உள்ளே ஈரமாக இருந்தது. "நீ நின்னிருந்தாலும் ஜெயிச்சிருப்போம்" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை வெறுக்கவும் முடியாமல் போயிற்று.

ஆகவே ஹாஷெக்கின் வாழ்க்கையில் என்னை ஈர்ப்பது நாகானோ அல்ல, 2008. இடையில் அவர் 2002இல் டெட்ராய்ட் அணிக்காக ஸ்டான்லி கோப்பை வென்று, ஓய்வு அறிவித்து, திரும்பி வந்து, மறுபடி காயப்பட்டு, ஒட்டாவா போய், மீண்டும் டெட்ராய்ட்டுக்கே வந்திருந்தார். வயது நாற்பத்து மூன்று. வெளியேற்றுச் சுற்றை முதல் கோளியாகத் தொடங்கினார். நாஷ்வில் அணியோடு நடந்த நான்காவது ஆட்டத்தின் நடுவில் அவரை வெளியே அழைத்து, கிறிஸ் ஆஸ்குட்டை இறக்கினார்கள். அதன்பின் கோப்பை வெல்லும் வரை ஆஸ்குட்டே நின்றார். ஆறு முறை வெசினா வாங்கியவர் தொடங்கிய இடத்துக்கே, கதவருகே, திரும்பியிருந்தார். கோப்பையில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஜூனில் ஓய்வு அறிவித்தார்; ஆனால் அடங்கவில்லை. சொந்த ஊரான பார்டுபிட்சேக்குத் திரும்பி, 2010இல் நாற்பத்தைந்து வயதில் அந்த அணிக்குச் செக் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்து, மறு பருவம் மாஸ்கோவில் ஸ்பார்ட்டக் அணிக்கும் ஆடி, 2012இல்தான் முழுமையாக நிறுத்தினார். நிற்கக் கிடைக்காத வருடங்களை அவர் பின்னாலிருந்து வசூலித்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லோருக்கும் அப்படி வசூலாகாது. சிலருக்கு ஒரே இரவுதான். 2020 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது தங்கை அழைத்து, "அண்ணா, இதைப் பார்க்காமல் எங்கேயும் போகாதே" என்றாள். அங்கே சனி இரவு, டொராண்டோவில் கரோலினா அணி ஆடிக்கொண்டிருந்தது. கரோலினாவின் கோளிகள் இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் காயப்பட்டுவிட்டார்கள். இப்படி நேர்ந்தால் எந்த அணிக்கும் உதவ, ஒவ்வோர் அரங்கிலும் ஒரு வெளியாளைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அன்றைய வெளியாள் டேவிட் ஏயர்ஸ், நாற்பத்திரண்டு வயது, ஒரு ஹாக்கி அரங்கில் பனித்தளத்தைச் சமன்செய்யும் ஸாம்போனி வண்டியை ஓட்டியவர், 2004இல் தன் தாயின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர் பிழைத்தவர். முதல் இரண்டு அடிகளும் உள்ளே போயின. அதற்குப் பின் வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று வென்றது. அவர் தலையில் இருந்தது எதிரணியின் நிறம் தாங்கிய முகமூடி. அவர் தடுத்ததும் அந்த எதிரணியைத்தான். பூசை எனக்குத் தப்பிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் காரணத்தைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இதையெல்லாம் மருமகனுக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும், அவன் காரில் திரும்புகிற இரவுகளில், இங்கே கரையில் விலை கூவும் சத்தத்துக்கு நடுவே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். என் கையுறைக் கதையையும் சொன்னேன். நான் வேண்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை. அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் மாமா" என்றான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அழைப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தது. முதல் கோளிக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும் களைப்பு என்று, இவனை நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு கோல் வாங்கினானாம். அதை அவ்வளவு மகிழ்ச்சியோடு சொன்ன கோளியை நான் பார்த்ததில்லை. தடுத்தவை இருபத்தொன்று என்று தகப்பனின் குரல் பின்னாலிருந்து திருத்தியது. கதவை யார் திறந்தது என்று கேட்டேன்.

"அவன்தான் மாமா" என்றான். "ஆனால் ரொம்ப மெதுவாகத் திறந்தான்."